ஷேடோ ஆஃப் த கொலோசஸ்: ஆட்டக்காரர்களின் தேடல் வரலாறு

ஷேடோ ஆஃப் த கொலோசஸ் என்பது சப்பானைச் சேர்ந்த டீம் ஐகோ என்னும் குழு உருவாக்கி, 2005 அக்டோபரில் பிளேஸ்டேசன் 2 கருவிக்காகச் சோனி நிறுவனம் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். வீடியோ கேம் என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது இதுவே. இதை இயக்கியவர் ஃபுமிட்டோ உவேடா; தயாரிப்பாளர் கென்ஜி கைடோ; இசையமைத்தவர் கோ ஓட்டானி. சப்பானிய மொழியில் இதன் பெயர் 'வாண்டா தோ கியோசோ'. வாண்டாவும் பேருருவும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தின் கதையையும் தொழில்நுட்பத்தையும் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதை ஆடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். பதினாறு பேருருக்களை வீழ்த்தினால் முடிந்துவிடும் ஓர் ஆட்டத்தைச் சிலர் முடித்த பிறகும் விடவில்லை. அந்த வெற்று நிலத்தில் இன்னும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் அவர்கள் தேடிய தேடலே ஆட்டத்தின் புதிய பதிப்பு ஒன்றை மாற்றியது. நிகழ்பட ஆட்டங்களின் வரலாற்றில் அரிதாக நடந்த நிகழ்வு இது.

ஒளித்து வைக்கும் பழக்கம்

தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட அட்வென்ச்சர் என்னும் ஆட்டத்தை எழுதியவர் வாரன் ராபினெட். அக்காலத்தில் அந்நிறுவனம் ஆட்டத்தை ஆக்கியவரின் பெயரை எங்கும் போடாது. ராபினெட் என்ன செய்தார் தெரியுமா? கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் கோட்டையின் புதிர்ப்பாதைக்குள் வைத்தார். அந்தப் புள்ளியைத் தேடி எடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் ஒரு மறைவான அறை திறக்கும். அதில் அவர் பெயர் ஒளிரும். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு சிறுவன் இதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அப்போது ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். நிறுவனமோ அந்த அறையை நீக்காமல் விட்டுவிட்டது. அங்கே பணியாற்றிய ஸ்டீவ் ரைட் என்பவர் இத்தகைய ஒளிவுகளுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயரிட்டார். குழந்தைகள் தேடி எடுப்பதற்காகத் தோட்டத்தில் வண்ண முட்டைகளை ஒளித்து வைக்கும் மேலைநாட்டு வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

1993இல் சையன் நிறுவனத்தின் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் உருவாக்கிய மிஸ்ட் வந்தது. ஆளில்லாத தீவு ஒன்றில் ஆட்டக்காரர் தனியாக அலைந்து, சிதறிக் கிடக்கும் சிவப்புத் தாள்களையும் நீலத் தாள்களையும் சேர்க்க வேண்டும். சண்டை இல்லை, அவசரம் இல்லை. சூழலைப் பார்த்து, கேட்டு, உணர்ந்து நடக்கும் ஆட்டங்களுக்கு இது பெரிய முன்னோடி. 1996இல் சப்பானில் வெளிவந்த போக்கிமான் ஆட்டத்தில் ஷிகெக்கி மொரிமோட்டோ என்ற நிரலாளர், கடைசி நேரத்தில் கிடைத்த சிறு நினைவக இடத்தில் மியூ என்னும் உயிரியைச் செருகி வைத்தார். அதைப் பிடிக்க முறையான வழி ஆட்டத்தில் இல்லை. ஆனால் துறைமுகத்தில் நிற்கும் ஒரு சரக்கு வண்டியை நகர்த்தினால் அடியில் மியூ இருக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளிடையே உலகம் முழுவதும் வதந்தி பரவியது. வண்டி உண்மையாகவே அங்கே இருந்தது. அதனடியில் ஒன்றும் இல்லை. காரணமின்றி நிற்பதாகத் தோன்றும் ஒரு பொருள் எத்தனை பேரை நம்ப வைக்கும் என்பதற்கு இந்த வண்டியே போதிய சான்று.

தடைசெய்யப்பட்ட நிலம்

உவேடா முன்பு இயக்கிய ஐகோ (2001) என்ற ஆட்டத்திலேயே தேவையற்றதை எல்லாம் கழித்துக்கொண்டே வரும் முறையைக் கையாண்டிருந்தார். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் அந்தக் கழித்தலை இன்னும் தூரம் கொண்டுபோனது. இறந்துபோன மோனோ என்ற பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டி, வாண்டர் என்ற இளைஞன் அக்ரோ என்ற குதிரையில் நீண்ட பாலத்தைக் கடந்து ஒரு தடைசெய்யப்பட்ட நிலத்துக்குள் வருகிறான். நடுவில் உள்ள வழிபாட்டுத் தலத்தில் டோர்மின் என்ற குரல் அவனோடு பேசுகிறது. பதினாறு பேருருக்களை வீழ்த்தினால் கேட்டது நடக்கலாம், ஆனால் விலை கொடுக்க நேரும் என்கிறது. அவ்வளவுதான் கதை.

வழியில் சிறு பகைவர்கள் இல்லை. ஊர் இல்லை, கடை இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை. வாளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால் ஒளிக்கற்றைகள் ஒன்றுகூடி அடுத்த பேருரு இருக்கும் திசையைக் காட்டும். அந்தத் திசையில் குதிரையை ஓட்ட வேண்டும். இசை கூடப் பேருரு தோன்றும்போதுதான் பெரும்பாலும் ஒலிக்கும். பயணம் முழுவதும் காற்றின் ஓசையும் குளம்பொலியும் மட்டுமே துணை. பாலைமணல், ஏரி, காடு, குன்று, சிதைந்த கட்டடங்கள் என நிலம் மிகப் பெரிது. பிளேஸ்டேசன் 2 கருவியின் வலுவுக்கு மீறிய வேலை இது. அதனால் காட்சி சில இடங்களில் தயங்கித் தயங்கி ஓடியது. ஒளிப்படக்கருவியின் கோணம் ஒத்துழைப்பதில்லை, குதிரை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று விமர்சகர்கள் அப்போதே குறை கூறினர். குறைகளைச் சொன்னவர்களில் பலரும் ஆட்டத்தைப் புகழவே செய்தனர். 2006இல் ஆட்ட உருவாக்குநர்கள் வழங்கும் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆட்டமாக இது தேர்வு பெற்றது.

முதல் எதிர்வினை: குற்ற உணர்வு

ஆடியவர்கள் பெரும்பாலும் முதலில் பேசியது வெற்றியைப் பற்றி அல்ல. பேருரு ஒன்று சரியும்போது வெற்றி முழக்கம் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்குத் துயர இசை கேட்டது. கரிய இழைகள் அந்த உடலிலிருந்து எழுந்து வாண்டரைத் துளைத்தன. ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் அவன் முகம் வெளிறி, தோலில் கருமை படர்ந்தது. பதின்மூன்றாவது பேருரு மணல்வெளிக்கு மேல் பாம்புபோல் நீந்திப் பறக்கும்; அது ஆட்டக்காரரைத் தாக்குவதே இல்லை. அதன் மேல் ஏறிக் குத்தும்போது மனம் உறுத்தியது என்று எழுதியவர்கள் பலர். ஆட்டத்தை நிறுத்த விரும்பியும், அடுத்த பேருருவைக் காணும் ஆவலில் தொடர்ந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. 2007இல் வந்த ரெயின் ஓவர் மீ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், குடும்பத்தை இழந்த ஒருவர் (நடிகர் ஆடம் சாண்ட்லர்) மீண்டும் மீண்டும் ஆடுவதாகக் காட்டப்படும் ஆட்டம் இதுவே. துயரத்தில் இருப்பவர் ஏன் இதைத் தேர்ந்தார் என்பதைப் படம் விளக்கிச் சொல்லாது. ஆடியவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தக் குற்ற உணர்வைத் தேடலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் கருத்து. கொல்வது மட்டுமே வேலை என்று சொல்லப்பட்ட இடத்தில், கொல்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான்: சுற்றிப் பார்ப்பது. வாளின் ஒளி காட்டும் திசையை விட்டு விலகிக் குதிரையைத் திருப்பியவர்களே முதலில் பல்லிகளைக் கண்டார்கள்.

பல்லியும் பழமும்

நிலமெங்கும் இரண்டு வகைப் பொருள்கள் ஒளிந்துள்ளன. மரங்களில் தொங்கும் பழத்தை அம்பெய்து வீழ்த்தி உண்டால் வாண்டரின் உயிர்வலு சற்றுக் கூடும். வெள்ளி நிறத்தில் மின்னும் வாலுடைய பல்லியை அடித்து அந்த வாலை உண்டால் அவனது பிடிவலு கூடும். பேருருவின் மயிரைப் பற்றிக்கொண்டு தொங்கும் ஆட்டத்தில் பிடிவலுவே உயிர்நாடி. ஆட்டத்தை நிறுத்திச் சேமிக்கும் சிறு கோயில்களின் அருகே இந்தப் பல்லிகள் ஓடித் திரியும்.

ஆனால் இவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டோர்மின் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒரு பழமும் தின்னாமல், ஒரு பல்லியும் பிடிக்காமல் ஆட்டத்தை முடித்துவிடலாம். இரண்டாம் முறை ஆடும்போதுதான் சிலருக்கு இவை இருப்பதே தெரிந்தது. மேலும், குறித்த நேரத்துக்குள் பேருருவை வீழ்த்தும் தனிப் போட்டியில் வென்றால் பழமரங்களின் வரைபடமும், பல்லி இருக்குமிடத்தைக் காட்டும் கல்லும் பரிசாகக் கிடைக்கும். பரிசு வாங்கினால்தான் தேடுவதற்குரிய கருவி கிடைக்கும் என்ற இந்த ஏற்பாடு விசித்திரமானது. முதல் முறை ஆடுபவர் கண்ணை மட்டுமே நம்ப வேண்டும் என்று உருவாக்கியவர்கள் விரும்பியதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் ஒரு பாடத்தைத் தொடங்கினால் "இது தேர்வுக்கு வருமா?" என்று ஒரு குரல் எழும். வராது என்றால் பாதிப் பேர் புத்தகத்தை மூடுவார்கள்; மீதிப் பேரில் இரண்டொருவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். பல்லி தேடியவர்கள் அந்த இரண்டொருவரின் இனம்.

ஆட்டத்தைப் பலமுறை முடித்து, பல்லிகளை விடாமல் தின்று பிடிவலுவைப் பெருக்கியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. வழிபாட்டுத் தலத்தின் வெளிச்சுவரில் பாசி படர்ந்த ஒரு பகுதி உண்டு. முதல் முறை ஆடுபவர் அதில் ஏறினால் கை தளர்ந்து விழுவார். போதிய வலு சேர்ந்தவரால் விளிம்பு விளிம்பாகத் தொற்றி உச்சிவரை ஏற முடியும். உச்சியில் ஓர் இரகசியத் தோட்டம்: நீர், பசுமை, மரங்கள். ஆட்டத்தின் இறுதிக்காட்சியில் உயிர்பெற்ற மோனோ, கொம்பு முளைத்த கைக்குழந்தையோடு சென்று சேரும் அதே இடம். அங்கும் பழங்கள் தொங்கும். ஆவலோடு உண்டால் இத்தனை நாள் சேர்த்த வலு குறையத் தொடங்கும்!

இந்தத் தோட்டம் ஆட்டக்காரர்களிடம் இரண்டு வகையாக வேலை செய்தது. ஒன்று, நிலத்தில் மறைபொருள் உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டு, அந்த மறைபொருள் பரிசாக எதையும் தராமல் எடுத்துக்கொண்டதால், இது கடைசி இரகசியமாக இருக்க முடியாது என்று பலர் முடிவு செய்தார்கள். இன்னொன்று இருந்தே ஆக வேண்டும்.

பதினேழாவது பேருரு

அந்த 'இன்னொன்று' என்ன என்பதில் தேடியவர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. பதினேழாவது பேருரு ஒளிந்திருக்கிறது என்றனர் சிலர். பாலத்தைக் கடந்து வெளியேற வழி இருக்கிறது என்றனர் வேறு சிலர். டோர்மின் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் விவிலியத்தில் வரும் நிம்ரோத் என்ற பெயர் கிடைக்கிறது என்று கண்டு, பழங்கதைகளைப் புரட்டியவர்கள் ஒரு கூட்டம்.

அவர்களின் ஐயத்துக்கு நிலமே காரணம். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் பேருரு எதுவும் இல்லாத பெரும்பகுதிகள் தெரியும். அணைபோன்ற பெருங்கட்டடம் ஒன்று எந்தப் பயனுமின்றி நிற்கிறது. அலையடிக்கும் கடற்கரையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தாழப் பறக்கும் பருந்தின் காலைப் பற்றிக்கொண்டு சற்றுத் தூரம் போகலாம். ஏரியில் மீனைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இழுபடலாம். ஏன் இப்படிச் செய்ய விட்டிருக்கிறார்கள்? பருந்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஓரிடத்துக்குப் போக வேண்டியிருக்குமோ? பயனில்லாதது எதுவும் இருக்காது என்ற எண்ணத்தோடு பார்த்தால் ஒவ்வொரு கல்லும் துப்பாகத்தான் தெரியும். அவர்கள் ஒவ்வொரு பாறை இடுக்கையும், ஒவ்வொரு மூடிய கதவையும் வரிசையாகச் சோதித்தார்கள். முடிவுகளைப் பிறரோடு பகிர்ந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறு சோதனை செய்தார். பொய்ப் படங்களைக் காட்டி ஏமாற்றியவர்களும் இடையில் வந்து போனார்கள்.

உண்மையில் அந்த வெற்றிடங்களுக்கு எளிய விளக்கம் உண்டு. தொடக்கத்தில் உவேடா நாற்பத்தெட்டுப் பேருருக்களைத் திட்டமிட்டார். பிறகு அது இருபத்து நான்கானது, இறுதியில் பதினாறு. நீக்கப்பட்டவற்றில் சிலந்தி, குரங்கு போன்ற வடிவங்கள் இருந்தன. அவற்றின் ஓவியங்கள் பின்னர் வெளிவந்தபோது, எந்த வெற்று நிலம் எதற்காக அமைக்கப்பட்டது என்று ஆட்டக்காரர்கள் பொருத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். வாழ வேண்டியவர் வராமலே போன வீடு போன்றவை அந்த இடங்கள். தேடியவர்களின் உள்ளுணர்வு முழுவதும் தவறு என்று சொல்லிவிட முடியாது: அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்பது சரி, இன்னும் இருக்கிறது என்பதுதான் சரியில்லை.

காலப்போக்கில் தேடலின் கருவிகள் மாறின. பிளேஸ்டேசன் 2 கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள் வந்தபின், ஆட்டத்தின் வட்டைக் கணினியில் இட்டு, சுவர்களுக்கு அப்பால் பார்வையை நகர்த்திப் பார்க்க முடிந்தது. நடந்து போக முடியாத மலைகளின் பின்புறம் வெளிப்பட்டது. பாதி முடித்து விடப்பட்ட நிலப்பகுதிகளும் எஞ்சிய துணுக்குகளும் கிடைத்தன. பதினேழாவது பேருரு கிடைக்கவில்லை. கோப்புகளையே திறந்து பார்த்த பிறகு, ஆட்டக்காரர் சாதாரணமாக எட்டக்கூடிய பெரிய இரகசியம் வேறெதுவும் இல்லை என்பது ஏறத்தாழ முடிவானது. நியாயமாகப் பார்த்தால் தேடல் இங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் தேடியவர்களில் சிலர் அதன்பின் தொல்லியலாளர் போல மாறினார்கள். ஓர் ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டது, எது எப்போது கைவிடப்பட்டது என்பதை எஞ்சிய தடயங்களிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. புதையலுக்காகத் தோண்டியவர்கள் குழியின் மண்ணடுக்குகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

2011இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த புளூபாயிண்ட் நிறுவனம் இந்த ஆட்டத்தை, ஐகோவுடன் சேர்த்து, பிளேஸ்டேசன் 3 கருவிக்காகத் துல்லியக் காட்சித் தரத்தில் மெருகேற்றித் தந்தது. புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அந்தக் கருவியில் கோப்பைகள் என்ற பாராட்டுக் குறிகளும் இருந்தன. என்னென்ன செய்தால் பாராட்டு என்ற பட்டியல் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் தாமே கண்டறிந்த இன்பம் இதனால் குறைந்தது என்றே நினைக்கிறேன். எனினும் தோட்டத்தைக் காணாமலே விட்டிருக்கக்கூடிய பலர் அங்கே ஏறிச் சென்றார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

எழுபத்தொன்பது பொற்காசுகள்

2018 பிப்ரவரியில் அதே புளூபாயிண்ட் நிறுவனம், பிளேஸ்டேசன் 4 கருவிக்காக ஆட்டத்தின் காட்சிகள் முழுவதையும் புதிதாக வரைந்து வெளியிட்டது. பேருருக்கள் பதினாறே, கதையிலும் மாற்றம் இல்லை. ஆனால் வெளியான சில நாள்களிலேயே ஆட்டக்காரர் சிலர் ஒரு புதுமையைக் கண்டனர். நிலத்தின் மூலை முடுக்குகளில், அருகில் போனால் மெல்லிய ஒலியோடு ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தால் பொற்காசு. எங்கும் அறிவிக்கப்படாத பொருள் இது.

செய்தி பரவியதும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் தேடலில் இறங்கி, ஆளுக்குச் சில எனக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்தனர். மொத்தம் எழுபத்தொன்பது காசுகள். அத்தனையும் சேர்ந்ததும் வழிபாட்டுத் தலத்தில் மூடிக் கிடந்த கதவு ஒன்று திறந்தது. உள்ளே டோர்மினின் பெயரைத் தாங்கிய வாள்.

பழைய தேடலை அறிந்தவர்களுக்கு இது யாருக்கான பரிசு என்று உடனே புரிந்தது. இல்லாத இரகசியத்தைப் பல ஆண்டுகள் தேடியவர்களுக்கு, ஓர் உண்மையான இரகசியத்தை வைத்துக் கொடுத்திருந்தார்கள். காசுகள் கிடந்த இடங்களில் பல, வாளின் ஒளி ஒருபோதும் அழைத்துச் செல்லாத ஒதுக்குப்புறங்கள்.

வரவேற்பு ஒரே மாதிரியாக இல்லை. நெகிழ்ந்து போனவர்கள் இருந்தார்கள். பின்னாளில் வேறொருவர் கொண்டுவந்து வைத்த காசு அந்த நிலத்துக்கு உரியதல்ல, வெறுமையே அதன் அழகு என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். எனக்கு இரண்டாம் தரப்பின் வாதம் வலுவாகப் படுகிறது. எழுபத்தொன்பது என்று எண்ணிக்கை தெரிந்த நொடியில் நிலம் ஒரு கணக்குத்தாளாகிவிடுகிறது. ஆனால் காசுகளை வைத்தவர்களும் அதே ஆட்டத்தை ஆடி வளர்ந்த தலைமுறையினர். அவர்கள் தம்மைப் போன்றவர்களுக்கு எழுதிய கடிதமாக அதை வாசித்தால் குறை சொல்ல மனம் வரவில்லை.

பாசி படர்ந்த சுவர் 2018 பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. அதில் ஏறி உச்சித் தோட்டத்தை அடைந்து பழத்தை உண்டால், வாண்டரின் வலு முன்போலவே குறைகிறது.